ஸ்ரீ சூறை படுத்த கதை

ஆடுங்க தம்பி, ஆடுங்க. எனக்காக நிறுத்த வேண்டாம். பக்கத்து சீட்டுலருந்து உங்க போனைச் சும்மா எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. அந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் உக்காந்திருக்கறான். கதவு வழியாப் போகாதீங்க, மேல ஏறிப் பாருங்க. பார்த்தீங்களா? நாஞ் சொன்னனுல்லங்க.

இந்தாளுக்கு இது எப்படித் தெரியும்னுதான பார்க்கறீங்க? பார்க்கறதுக்கு மோட்டார் பம்ப்பு வியாபாரி மாதிரி இருக்கறேன். மோட்டார் பம்ப்பு வியாபாரிதானுங்க. கோயமுத்தூர்ல கணபதிப் பக்கம் நம்ம பட்டறை. சென்னியப்பன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. அதுக்கு மேல நான் ஒரு கேம் கம்பெனி முதலாளியாவும் இருந்தவன். ஆன்லைன் ஆட்டம். ஊர் ஊரா இருந்து ஆளுங்க போன்ல வந்து, ஒருத்தரை ஒருத்தர் தேடிச் சுடறது. ஸ்ரீ சூறைன்னு பேரு. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. மொத்தமா ஒன்பது நாள்தான் ஓடுச்சு. அப்புறம் படுத்துக்கிச்சு.

ஏன் படுத்துச்சுன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க. எங்கிட்டக் கேட்டா நான் ஒண்ணுதான் சொல்லுவேன். வந்தவங்களுக்கு மரியாதை தெரியல. ஆட்டத்து மேல ஒரு குறையும் இல்லைங்க.

அது கெடக்கட்டும். பெங்களூர்ல நீங்க எந்தப் பக்கம்? ஒயிட்ஃபீல்டா? அட, நல்லதாப் போச்சு. மேல லக்கேஜ் வெக்கற எடத்துல அந்த மஞ்சப்பை இருக்குது பாருங்க, அதைக் கொஞ்சம் ஒரு இடத்துல சேர்த்திருங்க. கச்சாயமும் கடலை உருண்டையும்தான். என்ற ஊட்டுக்காரி கட்டிக் குடுத்தா. அட்ரஸ் உள்ளயே இருக்குது. மாடி ஏறக்கூட வேண்டாம், கீழ வாட்ச்மேன்கிட்டக் குடுத்தாப் போதும். சங்கவின்னு சொன்னாத் தெரியும். என்ற பொண்ணுங்க. அந்த ஆட்டத்தைப் பண்ணுனதே அவதான்.

நானே போகலாமேன்னு கேக்கறீங்க. எனக்கு டீலர் மீட்டிங்குங்க, நேரமில்லை. அவ எங்கிட்டப் பேசி எட்டு மாசமாச்சு, அது வேற விசயம். பேசலைன்னா எனக்கென்ன? எனக்கு ஆயிரம் சோலி.

சரி, கேட்டுட்டீங்க, சொல்றேன். ரயிலு சேலம் வர்ற வரைக்கும் நேரமிருக்குது.

அவ படிச்சு முடிச்சு வந்ததும் மாப்பிள்ளை பார்க்கட்டுமான்னு கேட்டேன். "ஒரு ஆட்டம் பண்ணோணும்ப்பா. அதை வெளியிட்டுட்டு அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கலாம்"னா. எங்க ஒறம்பரையில, சொந்தபந்தத்துல, ஒவ்வொரு பொண்ணும் ஒவ்வொண்ணு சொல்லும். ஒண்ணு மேல படிக்கோணும்ங்கும், ஒண்ணு வேலைக்குப் போகோணும்ங்கும். இவ ஆட்டம்னா. சரி, என்ன ஆகப்போகுதுன்னு பட்டறைக்கு மேல, மோட்டாருக்குக் கம்பி சுத்தற வைண்டிங் ரூமைக் காலி பண்ணிக் குடுத்தேன். அவ கூட்டாளிங்க அஞ்சு பேரு வந்து சேர்ந்தாங்க. ஆறு மாசத்துல முடிஞ்சிரும்னு பார்த்தா நாலு வருசம் ஆச்சு. கீழ நான் மோட்டாரை ஓட்டிப் பார்ப்பேன், மேல அவ துப்பாக்கியச் சுட்டுப் பார்ப்பா. கஸ்டமர் வந்தா ஏதோ பேரிங் சத்தம்னு சொல்லிச் சமாளிப்பேன்.

ஒண்ணும் சொல்லப்படாது, நெம்ப நல்லாச் செஞ்சிருந்தா. மூடிக் கெடக்கற ஒரு பழைய நூல் மில்லு. அதுக்குள்ள ஒளியறது, ஓடறது, சுடறது. சுடப்பட்டவன் வெளிய போயிருவான், அவன் எடத்துக்கு அடுத்தவன் உள்ள வருவான். யாரு நெறையப் பேரைச் சாய்க்கறானோ அவன் ஜெயிச்சான். இவ்வளவுதான் ஆட்டம். மில்லுல பஞ்சுத் தூசி பறக்கறதுகூட அப்படியே இருக்கும். பார்த்துட்டு எனக்கே ரெண்டு நாள் மூக்கடைப்பு.

வெளியிடறதுக்கு முன்னால கொஞ்சப் பேருக்கு மட்டும் ஒத்திகை மாதிரி விட்டா. காலேஜ் பசங்க விழுந்து விழுந்து ஆடுனாங்க. முழுசா எப்ப வரும் எப்ப வரும்னு பதினோராயிரம் பேரு பேர் குடுத்துட்டுக் காத்திருக்கறாங்கன்னு வந்து சொன்னா. அன்னைக்கு அவ மூஞ்சியப் பார்க்கோணும். சின்னப் புள்ளையில சைக்கிள் வாங்கிக் குடுத்தப்பப் பார்த்தது. அதுக்கப்புறம் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

எனக்கும் ஒரு பொறுப்பு இருக்குதில்லீங்களா? "கண்ணு, நாலு வருசம் நீ கஷ்டப்பட்டுட்டே. இந்த வெளியீடு ஒண்ணை அப்பன் கையில விட்டுரு, முறையாப் பண்ணிக் காட்டறேன்"னேன். அவ தூங்கி எத்தனை நாளாச்சோ, கண்ணெல்லாம் உள்ள போயிருந்துச்சு. "சரிப்பா, மாத்தறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேளுங்க"ன்னுட்டுப் படுத்துட்டா. அவ கூட்டாளிங்க அஞ்சு பேர்கிட்டயும், பாப்பா தூங்கட்டும், எழுப்ப வேண்டாம், நான் சொல்றதைச் செய்ங்கன்னுட்டேன்.

மொதல்ல பேரு. அவ வெறும் 'சூறை'ன்னு வெச்சிருந்தா. ஒரு நல்ல காரியத்துக்கு அப்படியா பேரு வெப்பாங்க? அதுக்காக அவ வெச்ச பேரை மாத்தவும் மனசு வரலை. முன்னால ஒரு 'ஸ்ரீ' மட்டும் சேர்த்தேன். உள்ள திகிலா ஒரு மியூசிக் ஓடிட்டே இருக்கும். அதை எடுத்துப்போட்டு நாதஸ்வரம் போடச் சொன்னேன்.

அப்புறம் நாள். பசங்க ப்ரீயா இருக்கறது சனிக்கிழமை சாயங்காலம்தான், அப்ப விடலாம்னு அவ பேசி வெச்சிருந்தாளாம். சனிக்கிழமை யாருங்க கடை தொறப்பாங்க? ஜோசியர்கிட்டப் போனேன். புதன்கிழமை, வளர்பிறை முகூர்த்தம், காலையில ஆறுலருந்து ஏழரைன்னு குறிச்சுக் குடுத்தாரு. பத்திரிகை அடிச்சோம். தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து விளையாட்டைச் சிறப்பித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்னு போட்டு, கீழ அந்தக் கட்டங்கட்டமா ஒரு படம், போனைக் காட்டுனா ஆட்டம் ஏறிக்குமே, அதையும் போட்டேன். தட்டத்துல வெத்தலை பாக்கு வெச்சு, நானும் என்ற ஊட்டுக்காரியும் வீடு வீடாப் போயிக் கூப்பிட்டோம். திருப்பூர், பல்லடம், காங்கேயம், தாராபுரம், ஒரு ஊர் பாக்கியில்லை. வயசானவங்களுக்கு நானே அவிய போன்ல ஆட்டத்தை ஏத்தி, எங்க அமுக்கோணும், எப்படி நடக்கோணும்னு சொல்லிக் குடுத்துட்டு வந்தேன். ஒரு கல்யாணத்துக்குக்கூட இப்படி அலைஞ்சிருக்க மாட்டேன். கல்யாணம்தான் இல்லையே, என்ன பண்றது?

அன்னைக்குக் காலையில எங்க அருமைக்காரரை வரவழைச்சேன். எங்க கல்யாணத்துல முன்ன நின்னு சீரெல்லாம் செய்யறவரு. அவர் கையாலதான் ஆட்டத்தைத் தொறந்துவிடற பட்டனை அமுக்கச் சொன்னேன். சங்கவி ஒரு ஓரமா நின்னுட்டு இருந்தா. புதுப் பொடவை எடுத்துக் குடுத்திருந்தேன். கட்டிட்டு வந்தா, ஆனா குனிஞ்ச தலை நிமிரலை. பொண்ணுங்கன்னா அப்படித்தான், அன்னைக்குக் கொஞ்சம் வாட்டமாத்தான் இருப்பாங்க.

ஒரே சமயத்துல உள்ள எத்தனை பேரு ஆடலாம்னு முன்னயே கேட்டிருந்தேன். இப்போதைக்கு நானூறு, போகப் போக ஏத்திக்கலாம்னு சொல்லியிருந்தா. நானூறுன்னா ஒரு பந்தி. கச்சிதமா இருக்குதுன்னு நினைச்சுக்கிட்டேன். பந்தின்னா மொதல்ல சம்பந்தி வகையறா, ஒறம்பரை, அப்புறம்தான் மத்தவங்க. பத்திரிகை வாங்குனவங்க மொதல்ல உள்ள போறாப்ல அவ கூட்டாளிங்ககிட்டச் சொல்லி வழி பண்ணி வெச்சிருந்தேன். ஏழரைக்கெல்லாம் நானூறு எடமும் நெறைஞ்சு போச்சுங்க. ஒருத்தர் விடாம வந்திருந்தாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

நான் உள்ள போயிப் பார்த்தேன். மில்லு பூராவும் ஜேஜேன்னு கூட்டம். எல்லார் கையிலயும் துப்பாக்கி. மைக்குல, "வாங்க வாங்க, எப்ப வந்தீங்க?", "சம்பந்தியம்மா வரலீங்களா?", "முட்டி வலி எப்படி இருக்குது?" இதே சத்தம்தான். ஒரு குண்டு வெடிக்கலை. எப்படிங்க வெடிக்கும்? மாமனை மருமகன் சுடுவானா? சம்பந்தி சம்பந்தியச் சுட்டா அப்புறம் அந்த வீட்டுப் பொண்ணு கதி என்னாகறது? எங்க பங்காளிங்க ரெண்டு பேரு ஒரு கெணத்துக்காக இருபது வருசமாக் கோர்ட்டுக்கு நடக்கறாங்க. அவியகூட எதிரெதிர்ல வந்தாங்க. ரெண்டு பேரு கையிலயும் துப்பாக்கி இருக்குது. சுடலைங்க. நம்ம வீட்டு விசேசம்னு ஆளுக்கொரு தூணுப் பக்கம் ஒதுங்கிக்கிட்டாங்க. அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்?

சாயங்காலம், பேர் குடுத்துட்டுக் காத்திருந்த பசங்க வந்தாங்க, பதினோராயிரம் பேரு. உள்ள எடமில்லை. வெளிய 'காத்திருக்கவும்'னு மொட்டையா ஒரு வார்த்தை வந்துட்டு இருந்துச்சு. வீட்டுக்கு வந்தவங்களை இப்படியா சொல்றது? மாத்தச் சொன்னேன். 'அன்புடன் சற்று அமரவும். பந்தி முடிந்ததும் அழைக்கிறோம்'னு போட்டோம். அதுக்கே பசங்க குளிர்ந்து போயிருக்கோணும். ஒருத்தன்கூட அமரலை.

சங்கவி கீழ ஓடி வந்தா. "அப்பா, உள்ள நானூறு பேரும் நம்ம ஒறம்பரை. காலையிலருந்து ஒருத்தரும் வெளிய போகலை."

"வந்தவங்களைப் போங்கன்னு சொல்ல முடியுமா கண்ணு?"

"யாரையும் சுடலை, யாரும் சாகலை. சும்மா நிக்கறாங்கப்பா. எதுக்கு நிக்கறாங்க?"

"எங்கிட்டச் சொல்லிட்டுப் போறதுக்கு நிக்கறாங்க"ன்னேன்.

அதுதானுங்களே முறை? விசேசத்துக்கு வந்தவங்க விசேசக்காரன்கிட்டச் சொல்லாமப் போனா நல்லாவா இருக்கும்? சரி, வழியனுப்பி வெச்சா எடம் காலியாகும்னு நான் மறுபடியும் உள்ள போனேன். மில்லு சின்னதா இருந்தாப் பரவால்லை. ஸ்பின்னிங்ல ஒருத்தரைக் கண்டுபிடிச்சா, அவர் ஊட்டுக்காரம்மா குடோன்ல நிக்கறாங்க. ரெண்டு பேரையும் ஒண்ணு சேர்க்கறதுக்கே அரை மணி நேரம். அவரு, "போயிட்டு வரட்டுங்களா?"ம்பாரு. நான் வாய் தவறி, "அதுக்குள்ள என்ன அவசரம், இருந்துட்டுப் போலாமே"ன்னுருவேன். பழக்கமாயிருச்சுங்க, வாயில தானா வருது. "சரி, நீங்க இவ்வளவு சொல்றீங்க"ன்னு அவரும் நின்னுக்குவாரு. ராத்திரி படுக்கறதுக்குள்ள பதினேழு பேரை அனுப்பியிருந்தேன். அதுல பாதிப் பேரு, எதையோ சொல்ல மறந்துட்டோம்னு காலையில திரும்பி வந்துட்டாங்க.

மூணாம் நாள்தான் கெரகம் புடிச்சது. எங்க பொங்கலூர் மாமா, என்ற தங்கச்சியோட மாமனாரு, எழுபத்தெட்டு வயசு, மில்லு கேட்டுல நின்னு வர்றவங்களைக் கும்பிட்டு வரவேத்துட்டு இருந்தாரு. துப்பாக்கியக் கக்கத்துல வெச்சுட்டு எப்படிக் கும்பிடறதுன்னு அவராவே பழகியிருந்தாரு. அந்த மனுசனை, எப்படியோ நுழைஞ்சு வந்த ஒரு பையன் நெஞ்சுல சுட்டுட்டான். மண்டையோடுன்னு பேரு வெச்சிருந்தான். பேருலயே தெரியுதில்லீங்களா வளர்ப்பு?

மாமா உடனே போன் பண்ணிட்டாரு. "சென்னியப்பா, கூப்பிட்டு வெச்சு இப்படி வெளிய தள்ளிட்டியே"ங்கறாரு. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சுங்க. காரை எடுத்துட்டுப் பொங்கலூருக்கே போயி, மறுபடி வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிட்டுட்டு வந்தேன்.

எங்கிட்ட ஒரு பட்டன் இருந்துச்சு. கலாட்டா பண்றவங்களை வெளிய அனுப்பறதுக்கு வேணும்னு முன்னயே கேட்டு வாங்கியிருந்தேன். அதை அமுக்குனா அந்த ஆளு அப்புறம் எந்த ஜென்மத்துலயும் உள்ள வரமுடியாது. மண்டையோடை அமுக்குனேன். அவன் கூட்டாளிங்களை அமுக்குனேன். அன்னைக்கு யாரெல்லாம் ஒருத்தரையாச்சும் சுட்டாங்களோ, அத்தனை பேரையும் தேடித் தேடி அமுக்குனேன். எல்லாம் மத்தியானத்துக்குள்ள சுத்தம் பண்ணியாச்சு. அப்புறம் மில்லு எவ்வளவு அமைதியா இருந்துச்சுங்கறீங்க!

அந்த மண்டையோடு லேசுப்பட்டவன் இல்லையாம். அவன் ஆடறதைப் பார்க்கறதுக்கே ஒரு கூட்டம் இருக்குதாம். 'ஸ்ரீ சூறையில் சுட்டால் வெளியே போடுகிறார்கள்'னு ஒரு வீடியோ போட்டான். பதினஞ்சு லட்சம் பேரு பார்த்தாங்கன்னு சொன்னாங்க. நம்ம ஆட்டத்துக்கு அந்தளவுக்கு விளம்பரம் அதுக்கு முன்னால கெடைக்கலை, அதையும் சொல்லோணும். ஆனா பார்த்தவன் பூராவும் வந்து ஒத்தை ஸ்டார் குத்திட்டுப் போனான். ரெண்டாவது ஸ்டார் குடுத்தாக் கொறைஞ்சா போயிருவாங்க? நம்ம ஒறம்பரை அத்தனை பேரும் அஞ்சு ஸ்டார் குடுத்தாங்க. 'உபசரிப்பு நன்று'ன்னு எழுதியிருந்தாங்க.

ஒன்பதாம் நாள் அவ கூட்டாளிங்க அஞ்சு பேரும் கம்ப்யூட்டரைக் கட்டிட்டுப் போயிட்டாங்க. சங்கவி பட்டறைக்கு எறங்கி வந்தா. நான் ஒரு மோட்டாரைப் பிரிச்சுட்டு இருந்தேன். அவ எதுன்னாலும் மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்றவ. முதுகுக்குப் பின்னால ஒரு வார்த்தை பேசமாட்டா, சின்னதுலருந்தே அப்படி. நான் நிமிர்ந்து திரும்பற வரைக்கும் அப்படியே நின்னா. திரும்புனதும் கேட்டா.

"அப்பா, இந்த ஒன்பது நாள்ல நீங்க ஒரு தடவையாச்சும் சுட்டுப் பார்த்தீங்களா?"

"நான் எதுக்குச் சுடோணும்? நான் வரவேற்கறவன்."

"சுடறதுக்குத்தாம்ப்பா அந்த ஆட்டம்"னா. அழுகலை. அழுதிருந்தா நான் ஏதாச்சும் சமாதானம் சொல்லியிருப்பேன். "நீங்க என்ற ஆட்டத்தை வெளியிடலைப்பா. என்ற கல்யாணத்தை நடத்தி முடிச்சுட்டீங்க. நான்தான் அதுல இல்லை"ன்னா.

அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலீங்க. மாப்பிள்ளையே இல்லாம எங்கீங்க கல்யாணம்?

அந்த வாரமே பெங்களூர்ல வேலை வாங்கிட்டுப் போயிட்டா. அவங்கம்மாகிட்டச் சொன்னா. எங்கிட்டச் சொல்லலை. சொல்லிட்டுப் போறதுதான முறை? நானும் ஸ்டேஷனுக்குப் போகலை. எனக்கு மட்டும் ரோசம் இருக்காதா?

ஆட்டத்தை மூடிட்டாங்களான்னு கேக்கறீங்களா? மூடலைங்க. அதை ஓட்டற கம்ப்யூட்டர் எங்கயோ வாடகைக்கு ஓடுது. நிறுத்திரட்டுங்களான்னு போன் வந்துச்சு, வேண்டாம்னுட்டேன். ஒறம்பரையும் ஒவ்வொருத்தரா வழியனுப்பியாச்சு. கடைசியாப் போனது பொங்கலூர் மாமா. இப்ப மில்லு காலி. தெனமும் மத்தியானம் சாப்பிட்டுட்டு, மூணு மணி வாக்குல பட்டறை ஆபீஸ்ல உக்காந்து நான் மட்டும் உள்ள போவேன். சும்மா ஒரு நடை நடந்துட்டு வருவேன். பூட்டுன வீட்டை யாராச்சும் ஒருத்தர் தொறந்து பார்க்கோணுமில்லீங்களா?

அப்படி நடக்கறப்ப ஒரு நாள் மாடியில ஒரு மூலையில பார்க்கறேன், நம்ம மோட்டார் ஒண்ணு இருக்குது. நம்ம பட்டறையில மொத மொதல்ல செஞ்சது, அதே பச்சைப் பெயிண்டு, மேல நம்ம பேரு. அந்த நானூறு பேரு நின்னப்ப நான் அந்த மூலையில பத்துத் தடவை போயிருப்பேன். கண்ணுலயே படலை. அத்தனை பேரையும் பார்த்தேன், இதைப் பார்க்கலை. அவ அதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க. பார்த்தப்ப மனசுக்கு நெம்ப வெசனமாப் போச்சு.

இப்ப ஒரு நாலு மாசமா ஒரு ஆளு வருதுங்க. பேரு வெக்காம உள்ள வந்தா 'விருந்தாளி'ன்னு தலைக்கு மேல வரும், அதுவும் நான் வெச்சதுதான். மொத நாள் நான் அந்த மோட்டார்கிட்ட நின்னுட்டு இருந்தேன். பின்னால காலடிச் சத்தம் வந்து நின்னுச்சு. நான் அந்தப் பக்கம் பார்த்துட்டு இருந்தேன், அது சுடாமப் பொறுத்து நிக்குது. நான் திரும்புனேன். திரும்புனதும் சுட்டுச்சு. பட்டுனு வெளிய வந்து விழுந்தேன். ஸ்ரீ சூறையில என்னை அதுக்கு முன்னால யாரும் சுட்டதில்லைங்க.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பட்டன் மேல விரலை வெச்சுட்டேன். அமுக்கலை. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. அத்தனை பெரிய மில்லுல நம்மளைத் தேடி வந்த ஒரே ஆளு. அடுத்த நாளும் வந்துச்சு. தெனமும் வருது. தெனமும் சுடுது. முதுகுல சுட்டதில்லை, அதைச் சொல்லோணும், நாம திரும்பற வரைக்கும் பொறுத்து நேராத்தான் சுடும். சாகாம இருக்கறதுக்கு நானும் ஓடிப் பழகுனேன், ஒளிஞ்சு பழகுனேன். அந்தச் செவுத்து விசயமெல்லாம் அதுலருந்து கத்துக்கிட்டதுதான். ஆனா நான் திருப்பிச் சுட்டதில்லைங்க. விருந்தாளியப் போயி எப்படிச் சுடறது?

போன மாசம் எனக்குக் காய்ச்சல். நாலு நாள் உள்ள போகவே இல்லை. அதே வாரம் பாருங்க, சங்கவி எப்பவும் இல்லாம ஒரு மத்தியானத்துல அவங்கம்மாவுக்குப் போன் பண்ணி, அப்பாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேட்டிருக்கறா. நான் ஒரு வார்த்தை சொல்லலைன்னு என்ற ஊட்டுக்காரி சத்தியம் பண்றா. பொங்கலூர் மாமாவா இருக்கும். அவர் வாய் சும்மா இருக்காது. ஆனா அவருக்கும் எனக்குக் காய்ச்சல்னு தெரியாதுங்க, அதுதான் எனக்குப் புரியலை.

என்ன தம்பி, போனைக் கவுத்து வெச்சுட்டீங்க? உங்க ஆளு செத்திருவானே. ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

யாரு, சங்கவியா? அட, போங்க தம்பி. எட்டு மாசமாப் பேசாதவ தெனமும் வந்து என்னைச் சுடறாளா? என்ற புள்ளைய எனக்குத் தெரியாதுங்களா? அவ அந்த மாதிரி ஆளே இல்லை. அவ எதுன்னாலும் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு, நாம திரும்பற வரைக்கும் பொறுத்து...

கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க.

மணி என்னங்க? மூணாகப் போகுதா? என்ற போன்ல நெட்டே காட்டலை. உங்க நெட்டைக் கொஞ்சம் இதுக்கு விடுங்க தம்பி, சீக்கிரம். நான் வரலைன்னா காய்ச்சல்னு நினைச்சுக்குவா. அந்தப் புள்ள நாலு மாசமா வருது தம்பி. வேலைக்கு நடுவுல, சாப்பிடற நேரத்தை விட்டுட்டு வந்திருக்கும். நான் பேரு கேட்டதில்லை. சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டதில்லை. அங்க வந்த நானூறு பேர்கிட்டயும் கேட்டேன்.

வந்துருச்சு. நாதஸ்வரம் கேக்குதுங்களா? இருங்க, மாடிக்குப் போறேன். இதுதான் அந்த மோட்டாரு. பார்த்துக்குங்க, பச்சைப் பெயிண்டு. பின்னால வந்தாச்சா? நிக்கறாளா? நான் திரும்பறேன்.

சுடறதுக்கு எந்தப் பட்டன்? செவப்பா? இதை நான் தொட்டதே இல்லைங்க. அட, செவுத்துல போச்சு. இன்னொண்ணு. அதுவும் போச்சு. பெரிய வெரலு, ஒண்ணுலயும் நிக்க மாட்டேங்குது. அவ ஏன் சுடாம நிக்கறா? தம்பி, அப்படியே நிக்கறா பாருங்க. துப்பாக்கியக் கீழ எறக்கிட்டா. மைக்கு எங்க இருக்குது இதுல? இதா?

சங்கவி. கண்ணு. அப்பன்தான் பேசறேன். நிக்காதே சாமி, சுடு. அப்பன்னு பார்க்காதே. நான் மறுபடியும் சுடப்போறேன், அதுக்குள்ள நீ சுடு.

சுட்டுட்டாளுங்க! பார்த்தீங்களா, ஒரே குண்டு! நான் ஓடறேன் ஓடறேன், நடு நெஞ்சுல!

என்ன சொன்னா, கேட்டுச்சுங்களா? "குனிஞ்சு ஓடோணும்ப்பா"ங்கறா. எட்டு மாசம் கழிச்சு எங்கிட்டப் பேசற மொத வார்த்தை. குனிஞ்சு ஓடோணுமாம். குனியறேன் கண்ணு, குனியறேன். எனக்கு முட்டி ஒத்துழைக்கோணுமில்ல?

தம்பி, அந்த மஞ்சப்பைய இப்படி எறக்குங்க. வாட்ச்மேன் எதுக்கு நடுவுல, நானே கொண்டு போயிக் குடுத்துக்கறேன். டீலர் மீட்டிங் நாளைக்குத்தான்.

நான் மொதல்லயே சொன்னனுல்லங்க? ஆட்டத்து மேல ஒரு குறையும் இல்லை. அன்னைக்கு வந்த கூட்டத்துல ஒரே ஒருத்தனாச்சும் இப்படி முறையாச் சுட்டிருந்தா, அது எதுக்குங்க படுக்கப் போகுது?